முள்ளுவின் தந்தை

பொரளையில் ஆஸ்பத்திரிக்கும் மயானத்துக்கும் இடைப்பட்ட ஒரு தெருவில் தேசிய மென்பொருள் வல்லுநர் அதிகாரசபை இருக்கிறது. இடத்தைத் தெரிவு செய்தவர் யாரென்று தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்த மனிதர். ஐந்து மாடி, ஒரு லிஃப்ட். லிஃப்ட் கதவில் 'தலைவருக்கு மட்டும்' என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருக்கும். தமிழில் மட்டும் இரண்டு எழுத்து விழுந்து கிடக்கும். அதைச் சொல்லப்போன ஒருவருக்கு விண்ணப்பப் படிவம் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த நாட்டில் ஒருவர் தன்னை மென்பொருள் பொறியியலாளர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் இந்தச் சபையின் அட்டை வேண்டும். சபை பிறந்த நாளிலிருந்து ஒரு மென்பொருளாவது செய்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். கல்யாணத் தரகர் கல்யாணம் கட்டியிருக்க வேண்டுமென்று எவராவது கேட்கிறார்களா? சபையின் சொந்த இணையத்தளத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் மண்வெட்டியோடு நின்று 'வேலை நடைபெறுகிறது' என்கிறான். அவன் நிற்கத் தொடங்கியபோது பிறந்த பிள்ளைகள் இப்போது ஓ.எல். பரீட்சை எழுதுகிறார்கள்.

இந்தச் சபையின் படியில் ரொஷேல் கால் வைத்தது ஒரேயொரு ஆசையால். அந்த ஆசையைச் சொல்லுமுன் அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் மாதா கோவில் மணி வீட்டுக்குள்ளேயே அடிப்பதுபோலக் கேட்கும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை. அங்கே தகப்பன் ஒஸ்வால்டும் மகள் ரொஷேலும். ஒஸ்வால்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் படித்து, பெரிய கம்பனிகளில் வேலை பார்த்து, எங்கே போனாலும் எல்லாரும் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் கண்டு கடுப்பாகி, கடைசியில் அந்தப் பிழைகளைப் பிடிப்பதற்கென்றே ஒரு கருவி செய்தாள். கொம்பியூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும் இந்தக் கருவியிடம் கொடுப்பார்கள். அது ஒரு வரி விடாமல் வாசித்து, 'இந்த இடத்தில் பிழை, இது தொண்டையில் சிக்கும்' என்று சொல்லி, திருத்தும்வரை ஓர் அடி நகரவிடாது. மீனில் முள் எடுக்கிற வேலை. பெயரும் முள்ளு என்றே வைத்தாள்.

முள்ளு உலகம் முழுக்கப் போனது. போலந்தில், பிரேசிலில், பெங்களூரில் காலையில் கடையைத் திறந்தால் முதலில் முள்ளைத்தான் ஓட்டுவார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் சில சேர்ந்து, 'நீ வேறு வேலைக்குப் போகாதே, இதையே பார்த்துக்கொள்' என்று சம்பளம் கொடுத்து அவளை வீட்டிலேயே இருத்தியிருந்தன. ஒழுங்கையில் என்ன பேச்சு? "பாவம் ஒஸ்வால்ட் அண்ணன்ட மகள். இவ்வளவு படிச்சும் ஒரு வேல இல்ல. விடிஞ்சா பொழுதுபட்டா ஊட்லதான்."

அப்படியிருக்க, உலக நிரலாளர் மாநாடு அந்த வருஷம் கொழும்பில் என்று தீர்மானமாயிற்று. முள்ளைச் செய்தவள் இருக்கிற ஊர் என்பதாலேயே வெளிநாட்டுக்காரர்கள் கொழும்பைக் கேட்டு வாங்கினார்கள். முதல் பேருரை ரொஷேலுக்கு. ஆசை இதுதான்: சொந்த ஊரில், டடி முன்வரிசையில் இருக்க, மேடையில் ஏறி 'இதைச் செய்தது நான்' என்று ஒருதரம் சொல்ல வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டாம்.

ஆனால் உள்ளூரில் மாநாட்டை நடத்துவது அதிகாரசபை. சபையின் அட்டை இல்லாதவர் மேடையில் வாய் திறக்கக்கூடாது என்பது சட்டம்.

உதவிப் பணிப்பாளர் புவாத் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"தொழில் செல்லுங்க மிஸ்."

"ப்ரோகிராம் எழுதுற ஆக்களுக்கு டூல்ஸ் செய்றன்."

"டூல்ஸ் என்டா மிஸ் பஞ்சிகாவத்தை இரும்புக் கடைகளுக்குத்தான் போகோணும். இது சொஃப்ட்வெயார் ஒஃபிஸ்."

"இது சொஃப்ட்வெயார் டூல்தான்."

புவாத் பெருமூச்சு விட்டார். "சரி. நீளம், அகலம், நிறை?"

"அதுக்கு நிறையே இல்ல."

"நிறை இல்லன்டு போடேலா மிஸ். கணக்குப் பாக்க வாற ஓடிட்ல புடிப்பாங்க. ஒரு சாம்பிள் கொண்டு வாங்களே."

ரொஷேல் மறுநாள் ஒரு பென் ட்ரைவில் முள்ளைப் போட்டுக் கொண்டுபோனாள். தபால் பகுதியின் தராசில் வைத்து நிறுத்தார்கள். அரக்கு உருக்கி முத்திரை குத்தினார்கள். இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டி, 'கருவி இப்போது அரச பாதுகாப்பில் உள்ளது' என்று அவளிடம் ஒப்பம் வாங்கினார்கள். அதே நேரம் பெங்களூரில் ஆயிரம் பேர் அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அலுமாரிக்குத் தெரியாது.

போகும்போது புவாத் கதவுவரை வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மிஸ், நானும் ஊட்ல முள்ளுதான் பாவிக்கிற. எங்கட மகள் ஷஸ்னாதான் போட்டுத் தந்த. இங்க ஒஃபிஸ்ல எனக்கு அதப் பத்தி ஒண்டும் தெரியா. சரியா?"

அடுத்தது நேர்முகம். தலைவர் கலாநிதி பரஞ்சோதி நடுவில் இருந்தார். வெள்ளவத்தைக்காரர், கடல் பார்த்த மாடிவீடு. அவருக்கு மூன்று கலாநிதிப் பட்டம். ஒன்று கால்நடைத் தீவனம் பற்றிப் படித்து வாங்கியது; மற்ற இரண்டும் தபாலில் வந்தவை. அவருக்கு இரு பக்கமும் இரண்டு அங்கத்தவர்கள். உப தலைவர் நித்திரை. மற்றவர் உப தலைவரின் தலை மேசையில் மோதாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இதை எத்தினை பேர் பாவிக்கினம்?"

"கணக்கில்ல சேர். லட்சக்கணக்கில."

"அவை ஆரிட்டை அனுமதி எடுத்தவை?"

"அனுமதி தேவையில்ல. ஆரும் சும்மா எடுத்துப் பாவிக்கலாம்."

"சும்மாவோ!" கலாநிதிக்கு இருமலே வந்துவிட்டது. "எனக்கு இந்தத் துறையிலை முப்பது வருஷ அனுபவம் பிள்ளை. நான் இண்டுவரைக்கும் ஆருக்கும் ஒண்டும் சும்மா குடுத்ததில்லை. சும்மா குடுக்கிற ஆளை நம்பக்கூடாது. சரி, அது என்ன செய்யுமெண்டு காட்டும் பாப்பம். எங்கடை சபைத் தளத்திலையே ஓட்டிக் காட்டும்."

ரொஷேல் தயங்கினாள். "வேற ஏதாவதுல காட்டவா சேர்?"

"ஏன், எங்கடையிலை என்ன குறை?"

ஓட்டினாள். திரையில் பிழைகள் இறங்கத் தொடங்கின. இறங்கின, இறங்கின, நிற்கவில்லை. தேத்தண்ணி வந்தது, குடித்து முடித்தார்கள், இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. மஞ்சள் தொப்பிக்காரனே பிழையாம்; அவனுடைய மண்வெட்டியை அழுத்தினால் இல்லாத ஒரு பக்கத்துக்குப் போகுமாம். அறை அமைதியானதும் உப தலைவர் திடுக்கிட்டு எழுந்து, "நான் ஆதரிக்கிறன்" என்றார்.

கலாநிதி கண்ணாடியைக் கழற்றினார். அப்போது அவர் ஆற்றிய உரை சபையின் அறிக்கைப் புத்தகத்தில் இன்றும் உண்டு.

"பிழை எண்டு சொல்லுது! ஒரு அரச நிறுவனத்தைப் பாத்துப் பிழை எண்டு சொல்லுறதுக்கு ஒரு முறை இருக்கு பிள்ளை. முதல்லை ஒரு விசாரணைக் குழு போடோணும். குழுவுக்கு ஒரு தலைவர் வேணும். தலைவருக்கு ஒரு வாகனம் வேணும். வாகனத்துக்கு ஒரு சாரதி வேணும். எல்லாம் முடிஞ்சு, குழு கூடி, பிழை இல்லையெண்டு சொல்லும். அதுதான் நிர்வாகம். இது என்னண்டால் சாரதியும் இல்லாமல் எடுத்த எடுப்பிலை பிழை எண்டு கத்துது! இந்தச் சபையிலை நான் வந்த நாளிலை இருந்து ஒரு பிழையும் நடக்கேல்லை. ஏனெண்டால் நாங்கள் ஒண்டும் செய்யேல்லை. அந்த ஒழுக்கம் இந்தக் கருவிக்கு இல்லை."

பிறகு தீர்ப்புச் சொன்னார். இவ்வளவு பெரிய சாமானைத் தனி ஆள் வைத்திருக்கக்கூடாது. நாளைக்குப் பிள்ளை கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்விட்டால் உலகம் என்ன செய்யும்? ஆகவே கருவி சபையின் பெயருக்கு மாறவேண்டும். மாறினால் அட்டை.

"அப்ப என்ட பேச்சு, சேர்?"

"அது உம்மடைதான் பிள்ளை! அதை ஆர் பறிக்கப்போகினம்?"

கையெழுத்து வைத்தாள். ஓம், வைத்தாள்! படித்தவள்தானே, இப்படியும் ஏமாறுவாளா என்று நீங்கள் கேட்பீர்கள். உலகத்தார் எழுதியதிலெல்லாம் பிழை பிடிக்கத் தெரிந்தவளுக்கு எதிரே இருந்த மனிதனின் சிரிப்பில் பிழை பிடிக்கத் தெரியவில்லை. மேடை ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஒரு கிழமையில் அட்டை வந்தது. 'இளநிலைத் தொழில்நுட்ப உதவியாளர், தற்காலிகம்' என்று போட்டிருந்தது.

பிறகுதான் பதாகை வந்தது. வெள்ளவத்தையில் ஒரு சாவு வீட்டுக்குப் போன ஒஸ்வால்ட், காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தார். இரண்டு மாடி உயரத்துக்குக் கலாநிதி பரஞ்சோதி, பொன்னாடையோடு. கீழே கொட்டை எழுத்தில்: 'உலகம் போற்றும் முள்ளுவின் தந்தை ஆற்றும் தலைமைப் பேருரை.'

ஒஸ்வால்ட் சாவு வீட்டுக்குப் போகவில்லை. வந்த வேகத்தில் திரும்பி வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று கத்தினார்.

"மகள்! முள்ளுக்குத் தகப்பன் ஆரு?"

"என்ன டடி?"

"என்ட மகள் பெத்ததுக்கு வெள்ளவத்தையில ஒருத்தன் தகப்பன் எண்டு போட் அடிச்சுத் தொங்கவிட்டிருக்கான்! சால்வ வேற போட்டுக்கொண்டு நிக்கான்! மாதாவே, நான் எந்த மூஞ்ச வச்சிக்கொண்டு ஞாயிற்றுக்கிழம கோவிலுக்குப் போவன்?"

ரொஷேல் புவாத்துக்குக் கோல் எடுத்தாள். புவாத் சொன்னார்: "மிஸ், உங்கட பேரும் நிகழ்ச்சி நிரல்ல இரிக்கு. கேள்வி நேரத்தில சபையோருக்கு மைக் கொண்டு குடுக்கிற ஆள் நீங்கதான்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பத்து வருஷம் கண் எரிய, முதுகு நோக, அவள் பெற்று வளர்த்த பிள்ளைக்கு, நிரலென்றால் என்னவென்று தெரியாத ஒருவன் தகப்பன். அவளுக்கு மைக் தூக்குகிற வேலை. ரொஷேல் அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மாற்றிக் கொடுத்த பத்திரத்தின் பிரதியை எடுத்து ஆறுதலாக வாசித்தாள். இனிமேல் கருவியில் எதை மாற்றினாலும் தலைவரின் கையெழுத்தோடுதான், பொறுப்பும் அவருடையதுதான் என்று அதில் இருந்தது. வாசித்து முடித்ததும் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஒஸ்வால்டுக்கே கொஞ்சம் பயம் வந்தது.

"என்ன மகள் செய்யப்போற?"

"அவருக்குத் தகப்பன் ஆகோணுமாம் டடி. முழுசா ஆக்கிவிடப்போறன்."

மறுநாள் சேலை கட்டிக்கொண்டு கலாநிதியின் அறைக்குப் போனாள். வாயில் தேன் ஒழுகியது.

"சேர், மாநாட்டுக்கு முன்ன கருவிய தேசிய தரத்துக்குக் கொண்டு வரோணும். அதத் திறந்தா சேர்ட ஆசிச் செய்தி ஒண்டுகூட இல்ல. எனக்கே வெக்கமா இருக்கு."

கலாநிதி நாற்காலியில் நிமிர்ந்தார்.

நம்மவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் ஊரில் எந்த மலரை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். கோவில் மலரோ, பள்ளிக்கூட மலரோ, உதைபந்தாட்டக் கழக மலரோ, முதல் இருபது பக்கமும் ஆசிச் செய்தி. தலைவரின் செய்தி, உப தலைவரின் செய்தி, காப்பாளரின் செய்தி, ஒவ்வொன்றுக்கும் மேலே கோட் போட்ட படம். விஷயம் ஏதும் இருந்தால் அது விளம்பரங்களுக்குப் பிறகு வரும். கலாநிதி பரஞ்சோதி வாழ்நாளில் எழுதியதெல்லாம் ஆசிச் செய்திகள்தான். ஒருமுறை ஒரு மரண அறிவித்தலுக்கே ஆசிச் செய்தி கொடுத்திருக்கிறார்.

"கருவிக்குள்ளை செய்தி போடலாமோ பிள்ளை?"

"ஏன் ஏலாது? ஒவ்வொரு தரம் ஓட்டேக்கயும் முதல்ல சேர்ட செய்தி வரும். வாசிச்சு முடிச்சன் எண்டு ஒப்புக்கொண்டாத்தான் பிறகு வேலை செய்யும்."

"அதுதான் சரி! சும்மா தட்டிப்போட்டுப் போகக்கூடாது, என்ன?"

"மூண்டு மொழியிலயும் போடுவமா சேர்?"

"பின்னை!"

"உப தலைவர்ட செய்தி?"

கலாநிதி முகம் சுருங்கியது. "போடும். ஆனால் என்ரையிலும் பாக்கச் சின்னனா."

"அவசரத்துக்குக் கதைக்க சேர்ட ஃபோன் நம்பர் போடவா? இப்ப வரைக்கும் ஒழுங்கா ஆளப் புடிக்க ஏலாம இருக்கு."

"என்ரை மொபைலையே போடும். தலைவன் எண்டால் மக்கள் அணுகக்கூடியவனா இருக்கோணும்."

'பிழை' என்ற சொல்லையும் எடுத்துவிடத் தீர்மானமானது. அதற்குப் பதில் 'தாழ்மையான அபிப்பிராயம்'. எந்தப் பிழைக்காகவும் எவரையும் இனிமேல் நிறுத்திவைக்கக்கூடாது, கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு மாற்றத்தையும் தன் கையாலேயே எழுதி, கலாநிதி கையெழுத்திட்டார். புவாத் முத்திரை குத்தக் கையை ஓங்கியவர், வாசித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மிஸ், இதப் போட்டா உலகமே பத்திக்கும்."

"தெரியும்."

"அப்ப ரெண்டு சீல் குத்துறன். அழியாம இரிக்கட்டும்."

அடுத்த திங்கட்கிழமை உலகம் கண்விழித்து முள்ளை ஓட்டியது. முள்ளு சொன்னது:

'பேரன்பு மிக்க நிரலாளப் பெருமக்களே! காலங்கள் மாறலாம், கோலங்கள் மாறலாம், ஆயினும் நிரல்கள் என்றென்றும் நிரல்களே. முத்தமிழுக்கு முச்சங்கம் போல மென்பொருளுக்கு எமது சபை திகழ்கின்றது. இவ்வரிய கருவியை உலகுக்கு ஈந்த பெருமையை அடக்கத்தோடு ஏற்றுக்கொள்ளும் வேளையில், என் இளமைக்காலத்தை நினைத்துப் பார்க்கின்றேன்...'

இளமைக்காலம் மூன்று பந்தி. அதே செய்தி சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில். பிறகு உப தலைவரின் செய்தி: 'தலைவர் அவர்களின் செய்தியை நானும் வாசித்தேன். மகிழ்ச்சி.' பிறகு, எல்லாவற்றையும் வாசித்ததாக ஒப்புக்கொண்ட பிறகு: 'அன்புடையீர், தாங்கள் எழுதிய வரியொன்றைப் பற்றி எமக்குத் தாழ்மையான அபிப்பிராயம் ஒன்று உண்டு. அதைத் தெரிவிக்கத் தங்கள் மேலான அனுமதியை வேண்டி நிற்கின்றோம்.'

நிரல் எழுதுகிறவன் ஒரு நாளைக்கு நூறு தரம் முள்ளை ஓட்டுவான். நூறு தரமும் கலாநிதியின் இளமைக்காலம்.

பாவம், அந்தச் சனம் என்ன குற்றம் செய்தது என்று ரொஷேல் ஒரு கணம் நினைத்தாள். நினைத்தாள்தான். பழையது வேண்டுமென்றவர்கள் பழையதையே வைத்திருக்கலாம். அந்த வழியை அவள் அடைக்கவில்லை. மற்றவர்கள் கொஞ்சம் எரிச்சல் படட்டும். அந்த எரிச்சல் அத்தனையும் நேரே வெள்ளவத்தைக்குத்தான் போகிறது என்று நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது.

முதல் கோல் பிரேசிலிலிருந்து. கலாநிதி கடற்கரையில் நடந்துகொண்டிருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பிரேசில்!" என்று கூட நடந்தவர்களுக்குச் சொன்னார். பிறகு கம்பீரமாக, "உங்கள் கோரிக்கையை உங்கள் தூதுவராலயத்தின் ஊடாகச் சமர்ப்பியுங்கள்" என்று ஆங்கிலத்தில் பதிலளித்தார். அந்தப் பதிலைப் பிரேசில்காரன் இணையத்தில் போட்டான். உலகம் முழுக்க நிரலாளர்கள் வாசித்து, நம்பாமல், சரிபார்க்க அதே நம்பருக்கு எடுத்தார்கள்.

மத்தியானம் போலந்து. தேத்தண்ணிக்கு ஜேர்மனி. பிள்ளையார் கோவிலில் தீபாராதனை நேரம் பெங்களூர். தலைமயிர் வெட்ட இருந்தால் கொரியா. முதலில் மரியாதையாகக் கேட்டவர்கள் பிறகு மரியாதையை விட்டார்கள். கலாநிதிக்குத் தெரியாத பாஷைகளில் திட்டினார்கள். ஆனால் திட்டு எந்தப் பாஷையில் வந்தாலும் விளங்கும். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு, குத்துது குடையுது என்றானாம்!

ரொஷேலுக்குக் கோல் வந்தது. "பிள்ளை, இதை உடனை பழையபடி மாத்தும்."

"எப்பிடி சேர்? நான் தற்காலிக உதவியாளர். சொந்தக்காரர்ட சாமானத் தொடேலுமா?"

"நான் சொல்லுறன், மாத்தும்!"

"பழையபடி எண்டா 'பிழை' எண்ட சொல்லத் திரும்பக் கொண்டு வரோணும். அதுக்கு விசாரணைக் குழு வேணும் எண்டு சேர்தானே சொன்ன. வாகனம் ரெடியா சேர்?"

போன் வைக்கப்பட்டது. கலாநிதிக்கு ஒரு வழி இருந்தது. 'இது என்னுடையதல்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே தொல்லை விட்டுப்போயிருக்கும். ஆனால் காலி வீதி நெடுகப் பதாகை. கல்கிசைவரை தொங்கிக்கொண்டிருந்தார் மனிதர். எப்படிச் சொல்வது? போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மாநாட்டுக்குக் காத்திருந்தார்.

மாநாட்டன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. இவ்வளவு சனத்தைக் கண்டு கலாநிதிக்குப் பூரிப்பு. எல்லாரும் தன்னைப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தார். அது உண்மையும்தான். குத்துவிளக்கேற்றி, அமைச்சருக்கு வெற்றிலை கொடுத்து, ஆசிச் செய்திகள் வாசித்து, கலாநிதி பேசினார். கால்நடைத் தீவனத்தில் தொடங்கி இளமைக்காலத்துக்கு வந்தபோது மண்டபம் முழுக்க ஒரே குரலில் அடுத்த வசனத்தைச் சொன்னது. அத்தனை பேருக்கும் பாடமாகியிருந்தது. அமைச்சர் அதைப் பாராட்டென்று நினைத்துத் தலையாட்டினார்.

கேள்வி நேரம். ரொஷேல் மைக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இவ்வளவு சந்தோஷமாக எவரும் மைக் தூக்கியிருக்க மாட்டார்கள். முன்வரிசையில் ஒஸ்வால்ட் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு இருந்தார்.

போலந்துக்காரி எழுந்தாள். பிழையைச் சொல்வதற்கு ஒரு கருவி எதற்காக அனுமதி கேட்க வேண்டும் என்று கேட்டாள்.

"அது கொள்கைத் தீர்மானம்" என்றார் கலாநிதி.

பிரேசில்காரன் எழுந்தான். "நீங்கள் சொன்னபடி தூதுவராலயத்துக்குப் போனேன். அங்கேயும் முள்ளுதான் பாவிக்கிறார்களாம். தூதுவர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்."

பெங்களூர்ப் பையன் ஒருவன் மிகப் பணிவாகக் கேட்டான்: "ஐயா, முள்ளை நீங்கள் எந்த மொழியில் எழுதினீர்கள்?"

கலாநிதி நெஞ்சை நிமிர்த்தினார். "எமது அரசியலமைப்புக்கு அமைய, மூன்று மொழிகளிலும்."

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரம் எடுத்தது. அது அடங்கியபோது வெளிநாட்டுக் கம்பனியின் பெரியவர் ஒருவர் எழுந்து, கலாநிதியை விட்டுவிட்டு அமைச்சரைப் பார்த்தார். கொழும்பில் ஒரு கிளை திறக்க இருந்தோம், இந்தக் கருவியைக் கெடுத்தவர் யாரென்று தெரியாமல் ஓர் அடியும் வைக்கமாட்டோம் என்றார்.

அமைச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எவனையாவது மாட்டிவிட வேண்டிய நேரம் இது என்பது மட்டும் விளங்கியது. எழுந்தார். "இதைச் செய்தவர் எவராக இருந்தாலும் இன்றைக்கே பதவி நீக்கம். விசாரணை ஆணைக்குழு. தேவைப்பட்டால் விளக்கமறியல் சிறை" என்று சிங்களத்தில் முழங்கினார். பிறகு மேடையைப் பார்த்தார். "கலாநிதி, நீங்கள்தானே?"

பதாகையில் இரண்டு மாடி உயரம் நின்ற மனிதர் மேடையில் இரண்டடியானார்.

"நானில்லை! சேர், நான் ஒரு வரிகூட எழுதேல்லை! எனக்கு எழுதவே தெரியாது! எல்லாம் அந்தப் பிள்ளை செய்தது. அந்தா, மைக்கோடை நிக்குது, கொட்டாஞ்சேனை ரொஷேல்!"

ரொஷேல் மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றாள். மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"பின்னுக்குக் கேக்கேல்ல சேர்."

கலாநிதி திரும்பச் சொன்னார்.

"சிங்களத்திலயும் சொல்லுங்க சேர். அமைச்சருக்கு விளங்கட்டும்."

சிங்களத்தில் சொன்னார்.

"வெளிநாட்டு ஆக்களும் வந்திருக்கிறாங்க."

ஆங்கிலத்தில் சொன்னார். முள்ளை நான் செய்யவில்லை, அது ரொஷேல் செய்தது, முழுக்க முழுக்க அவள் ஒருத்தி செய்தது. சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அந்தச் சனியன் வேண்டாம் பிள்ளை, நீரே கொண்டுபோம்" என்றார். அதுவும் மைக்கில்தான் விழுந்தது. ஆயிரம் பேர் சாட்சி.

"எடுத்தன் சேர்" என்றாள் ரொஷேல்.

நாற்காலிகள் பின்னே தள்ளப்படும் சத்தம் கேட்டது. மண்டபமே எழுந்து நின்றது. போலந்துக்காரி ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். வழிவிட்டார்கள், தட்டினார்கள், விசிலடித்தார்கள். ரொஷேல் நடந்து மேடைக்கு ஏறினாள். தகப்பனைப் பார்த்தாள். ஒஸ்வால்ட் அழுதுகொண்டிருந்தார், துடைக்கவும் இல்லை.

"நான் ரொஷேல். கொட்டாஞ்சேனை. முள்ளைச் செய்தது நான்."

  பிறகு அந்தப் பழைய சிரிப்பு திரும்பி வந்தது.

"நாளைக்குக் காலையில முள்ளு பழையபடி இருக்கும். ஆனா இந்தக் கொஞ்ச நாளா அதில வந்த மாற்றம் எல்லாம் சேர்ட சொந்தச் சிந்தனை. ஒவ்வொண்டிலயும் அவர்ட கையெழுத்து இருக்கு. அதப் பத்தின கேள்விக்கு நான் பதில் சொல்றது அவருக்குச் செய்ற அவமரியாதை."

அமைச்சரின் செயலாளர் எதையோ எழுதிக்கொண்டார். புவாத் சுவரோரம் நின்று, தனக்கு ஒன்றும் தெரியாதென்ற முகத்தோடு கூரையைப் பார்த்தார். கலாநிதி மெல்ல மெல்லப் படிப்பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறீங்க சேர்? கேள்வி கேக்க நிக்கிற ஆக்கள்ட வரிசை முடியேல்லயே."

கலாநிதி நின்றார். திரும்பி வந்து இருந்தார். ரொஷேல் கீழே இறங்கி, வரிசையில் முதலில் நின்ற கொரியாக்காரனின் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு, தகப்பனுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"இன்னும் எத்தின பேர் நிக்காங்க மகள்?"

"கதவு வரைக்கும் டடி. வெளியிலயும் நிக்கிறாங்க."

"அப்ப ஆறுதலா இருந்து பாத்திட்டுப் போவம்" என்று ஒஸ்வால்ட் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்.